யூரியா வயலிலேயே நிற்க: நெல்லுக்கு இடும் தழைச்சத்து காற்றில் பறப்பதைத் தடுக்க முழுமையான வழிகாட்டி

குறுவை நடவு முடிந்து இரண்டு வாரம். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆடி மாதத்து வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. கூடையில் யூரியாவை எடுத்துக்கொண்டு இறங்கி, கைவீச்சில் தெளித்துவிட்டு வரப்பேறிவிடுகிறோம். வெள்ளைக் குருணைகள் தண்ணீரில் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே கரைந்து மறைந்துவிடும். உரம் வயலுக்குள் போய்விட்டது என்று மனசு நிறைந்துவிடும். ஆனால் அது இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது, சேற்றுக்குள் இறங்கவில்லை. அடுத்த ஐந்தாறு நாளில் அதில் ஒரு பெரும்பங்கு அமோனியா வாயுவாக மாறி மேல்காற்றோடு போய்விடலாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அமோனியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. திறந்த வயலில் அந்த வாயு காற்றோடு உடனே கலந்துவிடுவதால் நாம் நுகரும் அளவுக்குச் சேர்வதில்லை. அதனால்தான் இந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. தண்ணீர் தேங்கிய நெல் வயல்களில் அளந்து பார்த்தவர்கள் கண்ட அளவு இடத்துக்கு இடம் வெகுவாக மாறுகிறது. சில வயல்களில் இட்ட தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. சில வயல்களில் பாதிக்கும் மேல் போயிருக்கிறது. ஒரே யூரியா, ஒரே நெல், இவ்வளவு வித்தியாசம். அந்த வித்தியாசத்தை உண்டாக்கும் காரணங்களில் பல நம் கையில் இருக்கின்றன என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். காவிரி டெல்டா நெல்லை மனத்தில் வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். கரும்பு, வாழை, மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு பின்பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நெல் வேர் அதை அமோனியமாகத்தான் பெரும்பாலும் எடுக்கும். மண்ணிலும் மட்கும் தாளிலும் பாசியிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அமோனியம் கார்பனேட்டாக்குகிறது. 1926-ல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்த நொதி இதுதான். எடுத்தது நம்ம ஊர் வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பயற்றிலிருந்து. பின்னால், 1946-ல், இந்தப் பணிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு பேர்பெற்ற நொதி எந்தச் செலவும் இல்லாமல் ஒவ்வொரு வயலிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. வெயில் காலத்தில் சில நாட்களுக்குள் போட்ட யூரியா முழுவதையும் உடைத்து முடித்துவிடும்.

இங்கே இரண்டு பெயர்களைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அமோனியம் மண்ணோடு ஒட்டும். அமோனியா காற்றோடு போகும். தண்ணீரில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது தண்ணீரின் கார அமில நிலை, அதாவது பி.எச். எண் ஏற ஏறக் காரம் கூடும். தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட அமோனியாவாக இருக்காது. 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் 45 பங்கு. 8-லிருந்து ஒரே ஒரு புள்ளி ஏறினால் ஆபத்து ஆறு மடங்காகிறது. வெப்பமும் சும்மா இல்லை. பி.எச். 8-ல் இருக்கும் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடானால் அதிலுள்ள அமோனியாவின் பங்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

சரி, வயல் தண்ணீர் ஏன் 9-க்குப் போகிறது? பாசி. பகலில் வெயில் பட்டதும் பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வாயு இருக்கும்வரை தண்ணீரில் லேசான அமிலத்தன்மை இருக்கும். அது குறையக் குறைய பி.எச். ஏறும். நண்பகல் தாண்டி ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் 9-ஐத் தொடுவதும், சில வயல்களில் 10-ஐ நெருங்குவதும் உண்டு. இரவில் பாசியும் சுவாசித்து அந்த வாயுவை வெளிவிடுவதால் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். நடவு வயலில் பயிர் இன்னும் மூடாத நாட்களில் இது தினமும் நடக்கும்.

நான் முதன்முதலாக பி.எச். தாள் வாங்கி எங்கள் குறுவை வயலில் நனைத்துப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலை ஏழு மணிக்கு வெளிர்பச்சை, ஏழரைக்குப் பக்கம். மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில், அதே தண்ணீரில் நனைத்தால் கரும்பச்சை தாண்டி நீலம் தட்டியது. அட்டையோடு ஒப்பிட்டால் 9. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், பத்து வருஷமாக நான் எந்தத் தண்ணீரில் யூரியாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது.

படி 1: உங்கள் வயலுக்கு எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்

நான் செய்த அந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வைத்தால் பல பட்டத்துக்கு வரும். மேலுரம் (நடவுக்குப் பிறகு போடும் உரம்) போடுவதற்கு முந்தைய நாள் காலையும், நண்பகல் தாண்டியும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிக்கு மேல் ஏறினால், தேங்கிய தண்ணீரில் யூரியா தெளிக்கவே கூடாத வயல் அது.

பாசனத் தண்ணீரையும் கவனியுங்கள். ஆற்றுத்தண்ணீர் பாயும் வயலுக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாயும் வயலுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அமோனியம் அமோனியாவாகும் போது தண்ணீரில் அமிலம் சேரும். அது பி.எச்.ஐக் கீழே இழுக்கும், பறப்பதும் தானாகக் குறையும். ஆனால் பைகார்பனேட் நிறைந்த போர்த் தண்ணீர் அந்த அமிலத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே இழப்பு நிற்காமல் தொடரும். வீட்டில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால், இந்தப் பிரச்சினை உங்களுக்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மண்ணில், களிமண் அமோனியத்தைப் பிடித்துவைக்கும். மணல்சாரி பிடிக்காது. களர் நிலம் என்றால் மண்ணே 8.5-க்கு மேல் நிற்பதால் பாசி இல்லாவிட்டாலும் ஆபத்துதான். திருச்சி பக்கத்தில் களர் நிலத்துக்கென்றே வந்த டி.ஆர்.ஒய். ரகங்களைப் போடுபவர்களுக்கு இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு படியும் இரட்டிப்பாகப் பொருந்தும்.

பட்டத்துக்குப் பட்டமும் மாறும். குறுவையில் வெயில், மேல்காற்று, இளம்பயிர் மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. காற்று, தண்ணீருக்கு மேல் நிற்கும் அமோனியாவை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போவதால் கீழே இருப்பது மேலும் மேலும் கிளம்பும். சம்பா, தாளடியில் ஐப்பசி கார்த்திகை மேகமூட்டத்தில் பாசியின் வேகம் குறையும், சூடும் குறையும். அப்போது யூரியா பறப்பதைவிட மழைத்தண்ணீரோடு வரப்பு வழிந்து போவதுதான் பெரிய கவலை.

படி 2: தேவையா என்று இலையைக் கேளுங்கள்

போடாத யூரியா பறக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் டெல்டா நெல்லுக்குச் சொல்லும் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. யூரியாவாக மட்டும் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 45 கிலோ மூட்டை மூன்று. டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) போட்டால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதையும் ஒரேயடியாகப் போடாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், பூக்கும் பருவம் என்று நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

இதைவிடத் துல்லியமானது இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் போட்ட அட்டை அது. நடவு வயலில் 14-ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பில் 21-ஆம் நாளிலிருந்து, வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் பாருங்கள். மேலிருந்து மூன்றாவது, முழுதாக விரிந்த இலையை அட்டையில் வைத்து ஒப்பிட வேண்டும். உங்கள் உடம்பு நிழல் இலைமேல் விழட்டும், நேர் வெயிலில் நிறம் ஏமாற்றும். பத்து இடங்களில் பார்த்து, ஆறு இடங்களில் 4-க்குக் குறைவாக இருந்தால் மட்டும் உரம் போடுங்கள். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 4 என்பதை 3 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் போடும் அளவு, குறுவைக்கு எக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, சம்பாவுக்கு 30 கிலோ. நம்ம கணக்கில் சொன்னால் குறுவையில் மாவுக்குச் சுமார் 10 கிலோ யூரியா, சம்பாவில் 9 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. (மூன்று மா ஓர் ஏக்கர் என்ற கணக்கு.) மாவுக்கு ஒரு மூட்டையில் மூன்றில் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு 15 கிலோ வீசும் பழக்கம் நம்மிடம் உண்டு. மிச்சமாகும் 5 கிலோவில்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் குடியேறுகின்றன.

படி 3: அடியுரத்தைச் சேற்றில் புதையுங்கள்

இது சுருக்கமாகச் சொல்லக்கூடியது. கடைசி உழவுக்கு முன்னால் வயலில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரச் சேற்றின் மேல் யூரியாவைத் தெளித்து, உழுது பரம்படித்து விடுங்கள். பிறகு நடவு. சேற்றுக்குள் போன அமோனியத்துக்கு மேலே மண் மூடியிருக்கும், பாசியின் காரம் அதைத் தொடாது. பரம்படித்து முடித்து, தண்ணீர் கட்டி, நடவுக்கு ஆள் வரும் நாளில் மேலாகத் தெளிப்பது அடியுரம் ஆகாது. பெயர்தான் அடியுரம், இருப்பது மேலே.

படி 4: மேலுரம்

இழப்பின் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. அதிலும் நடவிலிருந்து பத்து, இருபது நாளுக்குள் போடும் முதல் மேலுரத்தில். அப்போது பயிர் சின்னது. வெயில் நேரே தண்ணீரில் விழுகிறது, காற்று தடையில்லாமல் வீசுகிறது, வேரும் உறிஞ்சும் அளவுக்குப் பரவவில்லை. பயிர் தூர்கட்டி மூடிய பிறகு போடும் மேலுரத்தில் இழப்பு வெகுவாகக் குறையும். நிழலில் பாசி ஒடுங்கும், காற்று தண்ணீரைத் தொடாது, பெருத்த வேர் கிடைத்ததைச் சில நாளில் எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் கவனம் முழுவதையும் முதல் மேலுரத்தில் வையுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு நாள் முன்பே மடையை அடைத்து, தண்ணீர் தானாகச் சுண்டட்டும். சேறு தெரிய வேண்டும், ஆனால் கால் வைத்தால் புதைய வேண்டும். வெடிப்பு விழும்வரை விடக்கூடாது. அந்தப் பதத்தில் யூரியாவைத் தெளித்து, கோனோவீடரை (சேற்றில் தள்ளிக்கொண்டு போகும் உருளைக் களைக்கருவி) இரு திசையும் ஓட்டுங்கள். களையும் அமுங்கும், உரமும் சேற்றில் கலக்கும். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ மெல்லத் தண்ணீர் கட்டி, இரண்டு விரற்கடை அளவில் நிறுத்துங்கள். மடையைத் திறந்து வேகமாக விட்டால் உரம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.

வெடிப்பு விழும்வரை காயவிடாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நன்றாகக் காய்ந்த மண்ணில் அமோனியம் நைட்ரேட்டாக மாறிவிடும். பிறகு தண்ணீர் கட்டும்போது அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிப் போகும். ஒரு கதவை அடைக்கப் போய் இன்னொன்றைத் திறந்துவிட்டதாக ஆகிவிடும்.

எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது பெரியப்பா முறையுள்ள ஒருவர் மறுத்தார். "தண்ணி நின்னாத்தாம்ப்பா யூரியா கரைஞ்சு எல்லா எடத்துக்கும் பரவும். வடிச்சிட்டுப் போட்டா விழுந்த எடத்துலேயே நிக்கும்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. தண்ணீரில் சீராகப் பரவும் என்பது உண்மை. ஆனால் சீராகப் பரவியது சீராகப் பறக்கவும் செய்யும். சேற்றில் கைவீச்சு சீராக இருக்க வேண்டுமென்றால் உரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும் மறுபாதியைத் தெற்கு வடக்காகவும் தெளித்தால் போதும். அடுத்த போகத்தில் அவர் ஒரு மாவில் மட்டும் அப்படிச் செய்தார்.

அவருடைய இன்னொரு தயக்கம் இன்னும் நியாயமானது. "வடிச்சப்புறம் ஆத்துல தண்ணி வரலன்னா?" முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படியானால் வடிக்கவே வேண்டாம். உங்கள் முறை வருவதற்கு முந்தைய நாட்களில் தண்ணீர் தானே குறைந்திருக்கும். அந்த நேரத்துக்கு மேலுரத்தை வைத்துக்கொள்ளுங்கள். போட்டு, சேற்றில் கலக்கி, முறைத்தண்ணீர் வந்ததும் கட்டுங்கள். உரம் போட்ட தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு வடிப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

வயலில் துளையிட்ட குழாய் பதித்து, தண்ணீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன்னால் யூரியாவைத் தெளியுங்கள். இறங்கும் தண்ணீரே அதை வேர்ப்பகுதிக்குக் கொண்டுபோகும். தெளித்துவிட்டு ஓரிரு நாள் பாய்ச்சாமல் விட்டால்தான் கெடுதல்.

களைக்கொல்லி போட்ட வயலில் சில நாள் தண்ணீர் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே களைக்கொல்லியையும் யூரியாவையும் ஒரே வாரத்தில் மோதவிடாமல் நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் தெளித்தால் பறக்காது என்று பலரும் நம்புகிறார்கள். மாலையில் தெளிப்பது நல்லதுதான், இலையில் பனி இருக்காது, குருணை ஒட்டிக் கருகாது. ஆனால் யூரியா உடைந்து அமோனியமாவதற்கே ஒன்றிரண்டு நாள் ஆகும். இன்று மாலை தெளித்ததை நாளை மதியமும் மறுநாள் மதியமும் காத்திருந்து பிடித்துக்கொள்ளும். சேற்றில் கலக்காத யூரியாவுக்கு மாலைப்பொழுது பெரிய பாதுகாப்பு இல்லை.

படி 5: தனியாகப் போடாமல் கலந்து போடுங்கள்

யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு. இது பல்கலைக்கழகம் வெகுகாலமாகச் சொல்லிவருவது. சம்பாவில் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா போடுகிறீர்கள் என்றால் ஜிப்சம் 21 கிலோ, புண்ணாக்கு 5 கிலோ. புண்ணாக்கை நன்றாக இடித்துச் சலித்து, சாணம் பூசிய தரையிலோ தார்ப்பாயிலோ மூன்றையும் கிளறி, சாக்கு போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் பார்த்தால் குருணைகள் லேசாகக் கசிந்து, புண்ணாக்குத் தூள் அவற்றின் மேல் பழுப்பாக ஒட்டியிருக்கும். கையில் அள்ளினால் தனித்தனியாக உதிர வேண்டும். கூழாகிவிட்டால் ஈரம் அதிகம், காற்றாட விடுங்கள்.

ஜிப்சத்தின் வேலை வேதியியல். அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது, சல்பேட் அமோனியத்தோடு சேர்கிறது. காரம் ஏறுவது மட்டுப்படும். கந்தகமும் பயிருக்குக் கிடைக்கும். ஆனால் ஜிப்சம் வேறு, சுண்ணாம்பு வேறு. யூரியாவோடு சுண்ணாம்பையோ அடுப்புச் சாம்பலையோ கலக்கவே கூடாது. இரண்டும் காரம், வாயுவை விரட்டிவிடும். தூவ வசதியாக இருக்கும் என்று சாம்பலில் பிசைந்து வீசுபவர்களை இன்றும் பார்க்கிறேன், மனசு பதறுகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அதனால் இனி வீணாகாது என்று கடைக்காரர் முதல் எல்லோரும் சொல்கிறார்கள். வேம்பின் முக்கிய வேலை, அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதை மெதுவாக்குவது. நைட்ரேட்டாகி வீணாகும் வழியை அது அடைக்கிறது, அது பெரிய உதவி. ஆனால் தேங்கிய தண்ணீரில், மதிய வெயிலில், அமோனியா பறக்கும் வழியை அது அடைப்பதாக நம்பிவிடக் கூடாது. அமோனியம் அமோனியமாகவே அதிக நாள் நின்றால், மேற்பரப்பில் இருக்கும் பட்சத்தில் பறக்கவும் அதிக நாள் கிடைக்கிறது. பூச்சு இருந்தாலும் சேற்றில் கலக்க வேண்டியதுதான்.

யூரியேஸ் நொதியையே கட்டிப்போடும் மருந்துகள் உலகில் உண்டு. ஜெர்மனியில் 2020 பிப்ரவரி முதல் யூரியாவில் அந்த மருந்து இருக்க வேண்டும், இல்லையென்றால் போட்ட 4 மணி நேரத்துக்குள் மண்ணில் கலந்துவிட வேண்டும் என்பது சட்டம். நமக்குச் சட்டம் இல்லை. கோனோவீடர் இருக்கிறது.

படி 6: முடிந்தவர்கள் ஆழத்தில் வையுங்கள்

எல்லாவற்றிலும் பலமான முறை இது. வேலை அதிகம் என்பதும் உண்மை. வங்கதேசத்தில் யூரியாவை அழுத்தி உருண்டையாக்கி விற்கிறார்கள், குட்டி (guti) யூரியா என்பது அங்கே பேர். வரிசை நடவில் நான்கு குத்துக்கு நடுவே ஓர் உருண்டையை 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அழுத்திவிடுவார்கள். நடவு செய்த ஒரு வாரம், பத்து நாளில் ஒரே முறை, அதோடு சரி. அங்கே யூரியாவின் செலவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்து, விளைச்சலும் கூடியது. ஆழத்தில் இருக்கும் அமோனியம் தண்ணீருக்கு மேலே வருவதேயில்லை. மணல்சாரி நிலத்துக்கு மட்டும் இது ஒத்துவராது, அங்கே உரம் கீழே இறங்கிவிடும். இயந்திர நடவு செய்து வரிசை ஒழுங்காக இருப்பவர்கள் ஒரு மாவிலாவது பழகிப் பார்க்கலாம்.

படி 7: அசோலா

பாசிக்கு வெயில் கிடைக்காமல் செய்தால் பி.எச். ஏறாது. தண்ணீரில் மிதக்கும் சின்னப் பெரணிச் செடியான அசோலா வயல் முழுக்கப் பச்சைக் கம்பளமாய் மூடினால் அதுதான் நடக்கும். அதோடு காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்துத் தரும். நடவு செய்து ஒரு வாரத்தில் விட்டு, பரவிய பிறகு களையெடுப்பின்போது மிதித்துவிடலாம். நட்ட முதல் மூன்று வாரமே இழப்பு அதிகமான காலம் என்பதால், அசோலா முன்கூட்டியே மூடியிருக்க வேண்டும். அரைகுறையாக மிதந்தால் பெரிய பயன் இல்லை.

கரும்பு, வாழை, மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு

தண்ணீர் தேங்காத நிலத்தில் பாசி இல்லை, ஆனால் யூரியா கரையும் இடமே காரமாகிவிடுகிறது. ஒரு குருணை உடையும்போது அதைச் சுற்றியுள்ள மண்ணின் பி.எச். தற்காலிகமாக 8, 9 என்று ஏறும். மண்ணின் மேலே கிடந்தால் அப்படியே பறக்கும். மிகக் கெட்ட நிலைமை எது தெரியுமா? லேசான தூறல் அல்லது பனி. குருணையைக் கரைக்கும் அளவுக்கு ஈரம் இருக்கும், மண்ணுக்குள் இறக்கும் அளவுக்கு இருக்காது. பிறகு வெயில் அடிக்கும். முற்றிலும் உலர்ந்த மண்ணில்கூட யூரியா ஓரளவு பத்திரமாகக் கிடக்கும். இந்த அரைகுறை ஈரத்தில் கிடக்காது. தூறல் கண்டதும் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு மானாவாரி மக்காச்சோளத்துக்கு ஓடும் வழக்கத்தை இதனால்தான் மாற்றச் சொல்கிறேன். ஒன்றரை சென்டிமீட்டர் அளவாவது தண்ணீர் மண்ணில் இறங்கும்படி மழையோ பாசனமோ இருக்க வேண்டும்.

கரும்பில் சோகையை (காய்ந்த கரும்பு இலையை) பரப்பியிருந்தால், சோகையின் மேல் யூரியா தெளிக்காதீர்கள். மட்கும் சோகையில் யூரியேஸ் நிறைய இருக்கும், பிடித்துவைக்க மண்ணும் இல்லை. சோகையை விலக்கிக் குழியில் வைத்து மூடுங்கள். வாழைக்கு மரத்தைச் சுற்றி வட்டமாகக் கொத்தி, போட்டு, மண் மூடி, தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று அங்குல மண் மேலே இருந்தால் பெரும்பகுதி நின்றுவிடும். சொட்டுநீரில் கரைத்துவிடுபவர்கள் உரம் விட்ட பிறகு கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் விட்டு உள்ளே இறக்குங்கள்.

அமோனியம் சல்பேட் போட்டால் இந்த இழப்பு பொதுவாகக் குறைவு, அது மண்ணைக் காரமாக்காது. ஆனால் சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணில் அதுவும் பறக்கும். அங்கே எந்த உரமானாலும் புதைப்பதே வழி.

தொழு உரமும் கோழி எருவும் இதே வாயுவை விடுகின்றன. கோழி எரு மூட்டையைப் பிரித்ததும் கண் எரிகிறதே, அந்த எரிச்சலே உங்கள் தழைச்சத்து. வயலில் கொட்டிச் சிறுசிறு குவியலாக நாள்கணக்கில் வெயிலில் விடாதீர்கள். பரப்பிய அன்றே உழுதுவிடுங்கள். குப்பைக்குழியில் அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் ஜிப்சமோ சூப்பர் பாஸ்பேட்டோ தூவி மண் பூசி வைத்தால் அதிகம் தங்கும்.

பறந்தது எங்கே போகிறது?

மூட்டை 266 ரூபாய் 50 காசுதானே, போனால் போகட்டும் என்று நினைக்கலாம். அரசு மானியமாகக் கட்டும் தொகை அதைப்போலப் பல மடங்கு என்பது ஒரு பக்கம். காற்றில் போன அமோனியா, தொழிற்சாலை, வண்டிப் புகையிலிருந்து வரும் அமிலங்களோடு சேர்ந்து நுண்தூசியாகிறது. நுரையீரலின் உள்ளறை வரை போகும் தூசி அது. செயற்கைக்கோள் படங்களில் உலகத்திலேயே அமோனியா செறிந்து தெரியும் பகுதிகளில் கங்கைச் சமவெளி முன்னணியில் இருக்கிறது. மிச்சம் மழையோடு ஏரி, குளத்தில் இறங்கும். நாடுகள் தங்கள் கணக்கை எழுத, பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு 2019-ல் தந்த திருத்தத்தில், யூரியாவின் தழைச்சத்தில் 15 சதவீதம் இப்படி வாயுவாகப் போவதாகப் பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது உலகத்துக்கான சராசரி. ஆடி மாதத்து நடவு வயலின் கணக்கு அதைவிட மோசமாக இருக்கலாம்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை

வீட்டில் பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள். மூடி உள்ள இரண்டு கண்ணாடி ஜாடி. இரண்டிலும் உங்கள் வயல் மண்ணை ஈரமாகப் பாதிக்கு மேல் நிரப்புங்கள். ஒன்றில் அரைத் தேக்கரண்டி யூரியாவை மேலே தூவுங்கள். மற்றதில் அதே அளவை அடியில் வைத்து, மூன்று அங்குல மண்ணால் மூடி லேசாக அழுத்துங்கள். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து, இரண்டு மூடியின் உட்பக்கமும் ஒட்டி இறுக்கி மூடி, நிழலில் வையுங்கள். மண்ணின் வளத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஒரு நாளிலோ மூன்று நாளிலோ மேலே தூவிய ஜாடியின் தாள் நீலமாகத் தொடங்கும். மூடியைத் திறந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும். மற்ற ஜாடியின் தாள் அப்போதும் சிவப்பாகவே இருக்கும். தாள் காய்ந்தால் மறுபடி நனைத்து ஒட்டுங்கள்.

வயலிலும் ஒரு மாவைப் பழையபடி விட்டு, அடுத்த மாவில் வடித்து, கலக்கி, கட்டிப் பாருங்கள். இரண்டிலும் யூரியா ஒரே எடை, ஒரே நாள். பத்தாம் நாள் காலையில் இலை வண்ண அட்டையோடு இரண்டிலும் இறங்கி எழுதிவையுங்கள். அறுக்கும்போது இரண்டு மாவின் நெல்லையும் தனித்தனிச் சாக்கில் பிடித்து நிறுங்கள். எங்கள் பெரியப்பா சாக்கில் கரியால் வ என்றும் ப என்றும் எழுதி வைத்திருந்தார். வடித்தது, பழையது. இந்த ஆண்டு அவரிடம் ப போட்ட சாக்கு கிடையாது.